எதை எந்தப் பெயரில் பிரித்து வைப்பது? – வலைப்பக்கப் பாடம்



நமது கூட்டமைப்புக்கென்று ஒரு வலைப்பக்கம் செய்தபோது எல்லோருக்கும் பெருமையாக இருந்தது. மேலே பச்சை நிறத்தில் பெயர். நடுவில் ஊறுகாய், கடலை மிட்டாய், பாக்குமட்டைத் தட்டு படங்கள். கீழே கடன் அறிவிப்பு. செல்போனில் திறந்து பார்த்தோம். "நல்லாருக்கு" என்று சொல்லி, செய்து கொடுத்தவருக்குப் பணத்தையும் கொடுத்துவிட்டோம்.

இரண்டு மாதம் கழித்து, கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து பேசினார். சர்க்கரை நோயால் பார்வை போனவர் அவர். செல்போன் வாசித்துக் காட்டுவதைக் காதால் கேட்டுத்தான் எல்லாம் செய்கிறார்.

"கடன் மனுவுக்குக் கடைசித் தேதி போட்டிருந்தோம்னு சொல்றீங்க. எங்க போட்டிருந்தீங்க? நானும் மூணு தடவை கேட்டேன். ஊறுகாய் விலையில ஆரம்பிச்சு ஒரே மூச்சா வாசிச்சுக்கிட்டே போகுது. எது தலைப்பு, எது விலை, எது அறிவிப்புன்னு ஒண்ணும் புரியலை. பாதியில விட்டுட்டேன்."

ஆடு வாங்க அவர் கேட்க நினைத்த கடன் அந்தத் தவணையில் அவருக்குக் கிடைக்கவில்லை. தேதி முடிந்துவிட்டது. குழுவில் எல்லோரையும் போல மாதம் தவறாமல் சேமிப்புக் கட்டுகிறவர் அவர். நம் பக்கம் அவரை மட்டும் வெளியே நிறுத்திவிட்டது.

எங்கே தவறு நடந்தது என்று நாங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இந்த இதழில் பாடமாகத் தருகிறோம். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு மட்டும் உரிய விஷயம் என்று நினைத்து ஒதுக்கிவிட வேண்டாம். வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

மலையில் இருக்கும் பாடம்

நமக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குவோம். குடுமியான்மலையில் சிகாநாதர் கோயிலுக்குப் போகாதவர் நம்மில் யாரும் இல்லை. மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் ஒரு பெரிய கல்வெட்டு இருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? ஏறக்குறைய 13 அடிக்கு 14 அடி. பலர் தானக் கல்வெட்டு என்று நினைத்துக் கடந்து போகிறோம். அது இசைப் பாடம். 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது பொதுவான கருத்து. கிரந்த எழுத்தில் 38 வரிகளில் சுரங்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். ருத்ராசாரியாரின் மாணவரான ஓர் அரசர், இசை பயில்வோரின் நன்மைக்காகச் செய்தது என்று அந்தக் கல்வெட்டே சொல்கிறது.

அதில் நாம் கவனிக்க வேண்டியது, சுரங்களைப் பிரித்து வைத்திருக்கும் விதம். சுரங்கள் நான்கு நான்காகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. மொத்தமும் ஏழு பகுதி. மத்திமகிராமம், ஷட்ஜகிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிக மத்திமம், கைசிகம் என்று ஒவ்வொரு பகுதிக்கும் அதற்குரிய பண்ணின் பெயர் இருக்கிறது.

கல்லில் வண்ணம் தீட்டி வேறுபடுத்தவில்லை. பிரிவும் பெயரும் மட்டும்தான் இருக்கின்றன. இந்தப் பிரிவும் பெயரும் இல்லாமல் அத்தனை சுரத்தையும் வரிசையாக வெட்டியிருந்தால் என்ன ஆகும்? எழுத்து எல்லாம் இருக்கும், ஆனால் மாணவர் எந்த இடத்தில் எந்தப் பண்ணைப் பாடத் தொடங்குவார்? நம் வலைப்பக்கத்துக்கு நடந்ததும் இதுதான். எழுத்தெல்லாம் இருந்தது. பிரிவின் பெயர் இல்லை.

கண்ணுக்குத் தெரிந்தது, கருவிக்குத் தெரியவில்லை

வலைப்பக்கம் எழுதும் முறைக்கு எச்.டி.எம்.எல். என்று பெயர். டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் 1989-ல் சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தபோது வலை என்ற யோசனையை எழுதிக் கொடுத்தார். ஆராய்ச்சியாளர்கள் தங்கள் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ளச் செய்தது அது.

இந்த முறையில் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி போடுகிறோம். "இங்கே தலைப்பு தொடங்குகிறது, இங்கே முடிகிறது", "இங்கே பட்டியல் தொடங்குகிறது, இங்கே முடிகிறது" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிறோம். குறிகளைத் தட்டும்போது ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே அவற்றின் உச்சரிப்பைத் தமிழில் எழுதியிருக்கிறோம்.

குறிகளில் 'டிவ்' என்று ஒன்று உண்டு. பிரித்து வை என்பதற்கு மேல் அதற்கு எந்த அர்த்தமும் கிடையாது. பெயர் எழுதாத சாக்குப்பை மாதிரி. உள்ளே நெல்லா, கடலையா, உமியா என்று வெளியிலிருந்து தெரியாது. நம் பக்கத்தைச் செய்தவர் தலைப்பு, விலை, அறிவிப்பு, முகவரி எல்லாவற்றையும் டிவ்வில் போட்டு, பெரிய எழுத்தும் நிறமும் கொடுத்து அழகுபடுத்தியிருந்தார். கண்ணால் பார்த்த நமக்குப் பெரிய பச்சை எழுத்து என்றால் தலைப்பு என்று தெரிந்தது. வாசித்துக் காட்டும் கருவிக்கு நிறத்தைப் பார்த்துத் தலைப்பைக் கண்டுபிடிக்கத் தெரியாது. 'தலைப்பு' என்று குறி போட்டிருந்தால்தான் அது "தலைப்பு" என்று சொல்லும்.

அந்தச் சகோதரி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

புதுக் குறிகள் எப்படி வந்தன?

இந்தத் தவறு நம்மோடு நிற்கவில்லை, உலகம் முழுக்க நடந்தது. தலைப்பு, பத்தி, பட்டியல் ஆகியவற்றுக்குக் குறிகள் தொடக்கத்திலிருந்தே இருந்தன. பக்கத்தின் மேல்பகுதி, அடிப்பகுதி, வழிகாட்டும் பகுதி ஆகியவற்றுக்குத் தனிக் குறி இல்லை. அதனால் எல்லோரும் டிவ்வைப் போட்டு, அதற்குத் தங்கள் வசதிக்கு ஒரு செல்லப்பெயர் வைத்துக்கொண்டார்கள்.

2005-ல் கூகுள் நிறுவனம் நூறு கோடிக்கும் அதிகமான பக்கங்களை எடுத்து, என்னென்ன பெயர்கள் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தது. ஃபூட்டர், மெனு, ஹெடர், நாவ் போன்ற பெயர்கள் மிக அதிகமாக வந்தன. ஜனங்கள் தாங்களாகவே ஒரே மாதிரிப் பிரிவுகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்று இதிலிருந்து தெரிந்தது. ஐந்தாம் பதிப்பில் இவற்றுக்கென்று தனிக் குறிகள் சேர்க்கப்பட்டன. 2014 அக்டோபரில் அந்தப் பதிப்பு முறையான தரமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே சரியான குறிகள் கைக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. பயன்படுத்தாதது நம் குறைதான்.

குறிகளைத் தெரிந்துகொள்வோம்

நம் குழுவில் ரொக்கப் புத்தகம், கடன் பேரேடு, தீர்மானப் புத்தகம் என்று தனித்தனியாக வைத்திருக்கிறோம். எல்லா நோட்டுக்கும் ஒரே மாதிரி அட்டைதான். ஆனால் கடன் வரவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதினால் தணிக்கைக்கு வருபவர் விடுவாரா? நோட்டின் அழகைப் பார்த்து நாம் தேர்ந்தெடுப்பதில்லை. எழுதப்போவது என்ன என்று பார்த்துத்தான் நோட்டை எடுக்கிறோம். குறிகளுக்கும் அதே கணக்குதான்.

1. தலைப்புக் குறிகள்: ஒன்று முதல் ஆறு வரை ஆறு நிலை உண்டு. பக்கத்தின் பெயர் முதல் நிலை. அதற்குள் வரும் பெரிய பிரிவுகள் இரண்டாம் நிலை. அவற்றுக்குள் வருபவை மூன்றாம் நிலை. "நாலாம் நிலை எழுத்துதான் பார்க்க அளவா இருக்கு" என்று நேரே அதற்குத் தாவக் கூடாது. எழுத்தின் அளவை மாற்ற வேறு வழி இருக்கிறது.

2. பட்டியல் குறிகள்: வரிசை மாறினாலும் பரவாயில்லை என்றால் 'யு.எல்.'. நாம் விற்கும் பொருள்களின் பட்டியல் அப்படிப்பட்டது. வரிசை மாறினால் காரியம் கெடும் என்றால் 'ஓ.எல்.'. கடன் மனு கொடுக்கும் படிகள் அப்படிப்பட்டவை. குழுத் தீர்மானம் முதலில், மனு அடுத்து, கூட்டமைப்பின் ஒப்புதல் பிறகு. பெயரும் விவரமும் ஜோடியாக வந்தால் 'டி.எல்.'. "கடைசித் தேதி – இன்ன நாள்", "தவணை – இத்தனை மாதம்" என்பவை இதில் அடங்கும். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் கோடு போட்டுவிட்டால் அது பட்டியலாகிவிடாது. குறி போட்டால்தான் "பட்டியல், ஐந்து உருப்படி" என்று கருவி சொல்லும். கேட்பவருக்கு ஐந்து இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியும்.

3. ஆர்ட்டிக்கிள்: தனியாக எடுத்து வேறு இடத்தில் வைத்தாலும் முழுப் பொருள் தருவது. கடன் அறிவிப்பை அப்படியே எடுத்துப் பஞ்சாயத்து பலகையில் ஒட்டலாம். படிப்பவருக்குப் புரியும். ஆகவே அது ஆர்ட்டிக்கிள்.

4. செக்‌ஷன்: பெரிய ஒன்றின் பகுதி. ஒரே விஷயத்தைப் பற்றியது. பொதுவாகத் தலைப்பு வைக்கத் தகுந்தது. கல்வெட்டின் ஏழு பகுதிகளும் இப்படிப்பட்டவைதான். தலைப்பு வைக்க எதுவும் தோன்றவில்லை என்றால் அது செக்‌ஷனாக இருக்காது என்று சந்தேகப்படுங்கள்.

5. மெயின்: பக்கத்தின் முக்கிய விஷயம். பார்வைக்கு இருப்பது ஒரு பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும்.

6. நாவ்: மற்றப் பக்கங்களுக்கு வழிகாட்டும் முக்கியமான இணைப்புகள்.

7. ஹெடர், ஃபூட்டர்: முன்னுரையாக வருவதும், அடியில் முடிவுக் குறிப்பாக வருவதும். தொடர்பு முகவரிக்கு 'அட்ரஸ்' என்று தனிக் குறியே உண்டு.

8. அசைட்: விஷயத்தோடு கொஞ்சம் ஒட்டியது, ஆனால் அதை எடுத்துவிட்டாலும் முக்கிய விஷயம் கெடாது. "ஊறுகாயில் பூசணம் வராமல் இருக்க" என்று ஓரத்தில் போடும் துணுக்கு இது.

9. ஃபிகர்: படமும் அதன் கீழே வரும் விளக்கமும் சேர்ந்தது.

10. டேபிள்: கட்டம் போட்டு எழுத வேண்டிய கணக்கு. பொருள், எடை, விலை என்று நிரலாக வருவதற்குத்தான் இது. பக்கத்தை அழகாக அடுக்குவதற்காக இதைப் போடக் கூடாது.

11. பிளாக்கோட்: வேறொருவர் சொன்னதை எடுத்து எழுதும் இடம். பத்தி உள்ளே தள்ளி வர வேண்டும் என்பதற்காக இதைப் போட்டால், நாமே எழுதியது இன்னொருவர் சொன்னது ஆகிவிடும்.

அப்படியானால் டிவ் வேண்டவே வேண்டாமா? வேண்டும். இரண்டு படங்களை அக்கம்பக்கமாக நிறுத்தவும், பின்னால் ஒரு நிறம் கொடுக்கவும், அர்த்தம் ஏதும் சேராமல் சும்மா ஒன்றாகக் கட்டி வைக்கவும் அதுதான் ஏற்றது. மற்ற எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்து, எதுவும் பொருந்தவில்லை என்றால் கடைசியாக அதை எடுங்கள். நாம் முதலில் எடுத்ததுதான் தப்பு.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

ஒரு துண்டை எதில் போடுவது என்று குழப்பம் வந்தால் இந்த வரிசையில் கேளுங்கள்.

ஒன்று, இதைத் தனியே எடுத்துப் போனாலும் புரியுமா? புரியும் என்றால் ஆர்ட்டிக்கிள்.

இரண்டு, பெரிய ஒன்றின் பகுதியா? தலைப்பு வைக்கலாமா? ஆமாம் என்றால் செக்‌ஷன்.

மூன்று, அழகுக்காக மட்டும் கட்டி வைக்கிறோமா? அப்படியானால் டிவ்.

ஓர் ஊக்குநர் சகோதரி பயிற்சியில் கேட்டார்: "பொருள் பட்டியலை ஆர்ட்டிக்கிள்னும் சொல்லலாம், செக்‌ஷன்னும் சொல்லலாம் போலிருக்கே, எது சரி?" நல்ல கேள்வி. சில இடங்களில் இரண்டுமே பொருந்தும். படித்தவர்களே இதில் மாறுபடுவது உண்டு. அதற்காக மணிக்கணக்கில் வாதாட வேண்டாம். தலைப்பு சரியான நிலையில் இருக்கிறதா, பட்டியல் பட்டியலாக இருக்கிறதா, மெயின் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கேட்பவருக்கு அதிக உதவி அவற்றில்தான் கிடைக்கிறது.

நம் பக்கத்தைத் திருத்திய விதம்

முதலில் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. பக்கத்தில் உள்ள ஒவ்வொரு விஷயத்தையும் தனித்தனித் துண்டுத் தாளில் எழுதித் தரையில் பரப்பினோம். ஒவ்வொரு தாளையும் எடுத்து மூன்று கேள்வியையும் கேட்டோம். தாளின் மூலையில் குறியின் பெயரை எழுதினோம். ஒரு மத்தியானத்தில் வேலை முடிந்தது.

கூட்டமைப்பின் பெயரும் சின்னமும் ஹெடருக்குள் போயின. பெயர் முதல் நிலைத் தலைப்பு. மற்றப் பக்கங்களுக்குப் போகும் இணைப்புகள் நாவ். பிறகு மெயின். அதற்குள் முதலில் கடன் அறிவிப்பு, ஆர்ட்டிக்கிளாக, இரண்டாம் நிலைத் தலைப்போடு. கடைசித் தேதியும் தவணையும் டி.எல்., மனு கொடுக்கும் படிகள் ஓ.எல். அடுத்து "நம் பொருள்கள்" என்ற தலைப்போடு ஒரு செக்‌ஷன். அதற்குள் விலைப்பட்டியல் டேபிளாக, படங்கள் ஃபிகராக. ஊறுகாய்த் துணுக்கு அசைட். முகவரி ஃபூட்டருக்குள்.

இன்னும் இரண்டு வேலை செய்தோம். படங்கள் ஒவ்வொன்றுக்கும் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதிச் சேர்த்தோம். பக்கத்தின் மொழி தமிழ் என்று தொடக்கத்திலேயே குறித்தோம். அப்போதுதான் கருவி தமிழ்க் குரலை எடுத்து வாசிக்கும்.

திருத்திய பிறகும் பார்வைக்குப் பக்கம் கிட்டத்தட்ட முன்பு இருந்தது போலவேதான் இருக்கிறது. "என்னக்கா, ஒண்ணுமே மாத்தலையா?" என்று கேட்டவர்கள் உண்டு. கண்ணால் பார்ப்பவர்களுக்கு மாற்றம் தெரியாது.

சரிபார்ப்பது எப்படி?

ஆண்ட்ராய்டு செல்போன்கள் பெரும்பாலானவற்றில் டாக்பேக் என்ற வாசிப்புக் கருவி உண்டு. அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதியில் இருக்கும். அதைப் போட்டால் தொடும் முறை மாறிவிடும். ஒரு தட்டு தட்டினால் பெயரைச் சொல்லும், இரண்டு தட்டு தட்டினால்தான் திறக்கும். ஆகவே நிறுத்துவது எப்படி என்று தெரிந்துகொண்ட பிறகு போடுங்கள். அதில் 'தலைப்புகள்' என்று தேர்ந்தெடுத்தால் தலைப்பு தலைப்பாகத் தாவலாம்.

கம்ப்யூட்டரில் என்.வி.டி.ஏ. என்ற கருவி இருக்கிறது. 2006-ல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவரே தொடங்கிச் செய்தது. இன்றுவரை இலவசம். அதில் எச் எழுத்தைத் தட்டினால் அடுத்த தலைப்பு, எல் தட்டினால் அடுத்த பட்டியல், டி தட்டினால் நாவ், மெயின் போன்ற அடுத்த பெரிய பிரிவு.

கண்ணை மூடிக்கொண்டு, கடைசித் தேதியைக் கண்டுபிடிக்க எத்தனை தட்டு ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். நம் பழைய பக்கத்தில் தலைப்பு என்று கருவி ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

இது சலுகை இல்லை

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மின்னணு வழியில் வரும் தகவல்களும் அவர்களுக்கு எட்ட வேண்டும் என்று சொல்கிறது. அரசு வலைதளங்கள் எல்லோருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்று 2009-லிருந்தே மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் நமக்குக் கடமை உண்டு. சேமிப்பு அவரிடம் வாங்கும்போது சரியாக வாங்கினோம். செய்தியைக் கொடுக்கும்போதும் அதே சரியோடு கொடுக்க வேண்டும்.

"நாமெல்லாம் இதைப் படிச்சு என்ன செய்யப்போறோம்?" என்று நினைக்க வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, நம் புதுக்கோட்டை மாவட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அன்றும் இதே கேள்வியைக் கேட்டார்கள். நாம் எல்லோரும் பக்கம் எழுத வேண்டியதில்லை. பணம் கொடுத்துச் செய்யும்போது என்ன கேட்பது என்று தெரிந்திருந்தால் போதும்.

பக்கம் செய்பவரிடம் கேளுங்கள்:

- தலைப்புகளைத் தலைப்புக் குறியில் போட்டிருக்கிறீர்களா, பெரிய எழுத்தில் மட்டும் போட்டிருக்கிறீர்களா?
- பட்டியல்களுக்குப் பட்டியல் குறி இருக்கிறதா?
- மெயின், நாவ், ஃபூட்டர் குறிகள் இருக்கின்றனவா?
- படங்களுக்கு விளக்க வரி இருக்கிறதா? மொழி தமிழ் என்று குறித்திருக்கிறதா?
- வாசிப்புக் கருவியில் எங்கள் முன்னால் ஓடவிட்டுக் காட்டுகிறீர்களா?

கடைசிக் கேள்விக்குப் பதில் வந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

குழுக் கூட்டத்தில் கலந்துரையாட

1. நம் குழுவில் யாருக்கெல்லாம் அறிவிப்பு சரியாக எட்டவில்லை? பார்வைக் குறைவு உள்ளவர், எழுத்துக் கூட்டிப் படிப்பவர், வெளியூரில் இருப்பவர் – ஒவ்வொருவராக எண்ணிப் பாருங்கள்.

2. கடைசியாக நம் குழு கொடுத்த அறிவிப்பை எடுத்து, அதில் தலைப்பு எது, படிகள் எவை, ஜோடி விவரங்கள் எவை என்று பிரித்துப் பாருங்கள். வாட்ஸ்அப் செய்திக்கும் இந்தப் பழக்கம் உதவும்.

3. அடுத்த முறை சிகாநாதர் கோயிலுக்குப் போகும்போது அந்தக் கல்வெட்டின் முன்னால் சற்று நேரம் நின்று, பிரிவுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

திருத்திய பக்கத்தை முதலில் கேட்டுப் பார்த்தவர் அந்தச் சகோதரிதான். தலைப்பு தலைப்பாகத் தாவினார். இரண்டாவது தாவலில் கடன் அறிவிப்பு வந்தது. தேதியைக் கேட்டார். "இப்ப சரி. ஆனா விலைப்பட்டியல்ல கடலை மிட்டாய் ரெண்டு தடவை வருது, பாருங்க" என்றார். பார்த்தோம். இரண்டு தடவை இருந்தது. கண்ணால் பார்த்த எங்களில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை.

இனிமேல் எந்தப் பக்கமும் வெளியிடும் முன் அவர் கேட்டுச் சரி சொல்ல வேண்டும் என்று கூட்டமைப்புக் கூட்டத்தில் தீர்மானம் போட்டிருக்கிறோம்.